ரிம்மில் மயிரிழை விரிசல்

கேள்வி: மோட்டார் சைக்கிளின் அலுமினிய ஸ்போர்ட் ரிம்மில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிகிறது. சின்ன விரிசல் மெதுவாகத்தான் வளரும், இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாம் என்கிறார்களே, சரியா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேராக்

பதில்: கண்ணுக்குத் தெரிந்துவிட்ட விரிசல் உலோகவியல் கணக்கில் சின்ன விரிசலே அல்ல. குறுவிரிசல் என்பது உலோகத்தின் படிக மணிகள் சிலவற்றைக் கடக்கும் அளவே நீளமுள்ளது. பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அந்தப் பருவத்தில் அது மெதுவாக வளரும் என்பதும் உண்மையல்ல.

விமான விபத்தை ஆராய்ந்த ஓர் இடத்தில்தான் இது அளக்கப்பட்டது. 1954 ஜனவரி 10 அன்று, சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட காமெட் விமானம் ரோமைத் தாண்டியபின் எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேர் மாண்டனர். அலுமினியக் கலவைத் தகட்டில் ஏற்பட்ட உலோகச் சோர்வே காரணம் என்பதை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ ஆய்வுக்கூடத்து நீர்த்தொட்டிச் சோதனை காட்டியது. அதே ஆய்வுக்கூடத்தின் பியர்சன், குறுவிரிசல்கள் அதே தகைவுச் செறிவில், அதாவது விரிசல் முனையில் அதே அளவு இழுவிசை குவியும்போது, நெடுவிரிசல்களைவிடப் பல மடங்கு வேகமாக வளர்வதை 1975இல் அளந்து வெளியிட்டார்.

காரணம் நுண்ணமைப்பில் இருக்கிறது. நீண்ட விரிசலின் கரடுமுரடான இரு முகங்களும் ஒன்றோடொன்று முட்டி நிற்பதால், ஒவ்வொரு சுமையிலும் ஒரு பகுதி அதைத் திறப்பதற்கே செலவாகிவிடும். புதிதாகப் பிறந்த விரிசலுக்கு இந்தத் தடை இல்லை. அது ஒரே மணிக்குள், அணுத்தளங்கள் எளிதில் வழுக்கும் திசையில் ஓடுகிறது. மணியின் எல்லையை எட்டியதும் அடுத்த மணியின் தளங்கள் வேறு திசையில் சாய்ந்திருப்பதால் தயங்குகிறது. சில விரிசல்கள் அங்கேயே நின்றுவிடும். தாண்டியவை மீண்டும் வேகமெடுக்கும்.

ஆகவே மணிகள் பொடியாக இருந்தால் எல்லைகள் பெருகிக் குறுவிரிசல் திணறும். விந்தை என்னவென்றால், அதே பொடி மணிகள் நீண்ட விரிசலுக்கு வழுவழுப்பான பாதை அமைத்து உதவிவிடுகின்றன. எந்த நுண்ணமைப்பு நல்லது என்ற கேள்விக்கு விரிசலின் நீளம் தெரியாமல் விடை சொல்ல முடியாது.

மேற்சொன்னவை பெரும்பாலும் விமானத் தகடுகளில் கண்டவை. ரிம் உருக்கி வார்க்கப்படுவது. பெரும்பாலும் சிலிக்கான் கலந்த அலுமினியம். அதில் முதல் எதிரி வாயுவாலும் சுருக்கத்தாலும் உண்டாகும் நுண்துளை. அடுத்தது கடினமான சிலிக்கான் துகள். தடித்த பகுதி மெல்லக் குளிர்வதால் துளைகளும் துகள்களும் அங்கே பெரிதாகின்றன. ஆரமும் குடமும் சேரும் மூலையில் தகைவும் அதிகம் என்பதால் அந்த இடம் இரட்டைப் பலவீனம்.

சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு 500 முறைக்கு மேல் சுழல்கிறது. சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஒருமுறை போனாலே 15,000 சுமைச் சுற்றுகள். செம்பனைக்கு மாறிவிட்ட பழைய ரப்பர் தோட்டங்களின் குழிவிழுந்த செம்மண் பாதை இதோடு பலத்த குலுக்கலையும் சேர்க்கும். எஃகுக்கு இருப்பதுபோல, இன்ன சுமைக்குக் கீழே எத்தனை சுற்றானாலும் உடையாது என்ற தெளிவான வரம்பும் அலுமினியத்துக்கு இல்லை.

பட்டறையில் வெல்டிங் வைப்பதும் தீர்வாகாது. வெப்பப் பதப்படுத்தலில் உருவான, உலோகத்துக்கு வலு தரும் நுண்படிவுகள் வெல்டிங் சூட்டில் பருத்தோ கரைந்தோ போக, ஒட்டின் ஓரம் இளகிவிடும். விரிசல் கண்ட ரிம்மை மாற்றத்தான் வேண்டும்.