வட்டியைக் கடைசியில் பாருங்கள்

கேள்வி: என் கணவர் கட்கி வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறார். பென்ஷன் வருகிறது. அது போக, கைக்கு வந்த பணத்தில் 25 லட்ச ரூபாய் மிச்சம். இதை எங்கே போடுவது என்பதில்தான் வீட்டில் தினமும் பேச்சு. அமெரிக்காவில் இருக்கும் மகன், “பேங்க் சிடியில் போடுங்கள், அதுதான் பத்திரம்” என்கிறான். எதிர்வீட்டு மராத்திக்காரக் காக்கூ (சித்தி), தெருமுனைக் கூட்டுறவு வங்கியில் ஒரு பர்சென்ட் கூடுதலாகத் தருகிறார்கள் என்கிறார். இன்னொருவர், தெரிந்த பதசன்ஸ்தாவில் அதைவிடவும் அதிகம் கிடைக்கும் என்கிறார். கணவரோ, “எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டு நிம்மதியாக இருப்போம்” என்கிறார். நாங்கள் என்ன செய்வது? இருவருமே 60 வயதைத் தாண்டியவர்கள்.
- ஒரு வாசகி, கட்கி, புனே

பதில்: அம்மா, உங்கள் வீட்டில் எல்லோரும் வட்டியிலிருந்து பேச்சைத் தொடங்குகிறார்கள். ஓய்வுக்காலப் பணத்தைப் பொறுத்தவரை வட்டி நான்காவது கேள்விதான். வங்கி நொடித்தால் இந்தப் பணம் திரும்பி வருமா என்பது முதல் கேள்வி. தேவைப்படும் நாளில் எடுக்க முடியுமா, வரி போக எவ்வளவு மிஞ்சும் என்பவை அடுத்த இரண்டு. இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு வட்டி விகிதத்தைப் பாருங்கள்.

முதலில் மகன் சொன்ன யோசனையை முடித்துவிடுவோம். அமெரிக்காவில் சாதாரண மக்கள் வங்கியில் வாங்கும் சிடி (சர்டிஃபிகேட் ஆஃப் டெபாசிட்) என்பது நம் ஊர் ஃபிக்ஸட் டெபாசிட்டைப் போன்றதுதான். அங்கே ஒரு வங்கியில் ஒருவருக்கு 2,50,000 டாலர் வரை அரசு அமைப்பின் காப்பீடு உண்டு. இந்தியாவிலும் 1989 முதல் சிடி என்ற பெயரில் ஒன்று இருக்கிறது. ஆனால் அது வேறு ரகம். குறைந்தது 5 லட்சம், அதற்கு மேல் 5 லட்சத்தின் மடங்குகள். வங்கிகள் வெளியிடுவது 7 நாள் முதல் ஓராண்டு வரையிலான காலத்துக்கு. டிமேட் எனும் மின்னணு வடிவில்தான் கிடைக்கும். அதை வைத்துக் கடன் வாங்க முடியாது. பெரும்பாலும் மியூச்சுவல் ஃபண்டுகளும் பெரிய நிறுவனங்களும் வாங்கி விற்கிற சரக்கு அது. உங்களுக்கு அது வேண்டாம். மகன் மனதில் நினைப்பது எஃப்.டி.தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி பத்திரம். இதற்குப் பாடம் தேடி நீங்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. 1912-இல் தொடங்கிய ரூபி கூட்டுறவு வங்கி புனேக்காரர்களுடைய வங்கி. பரம்பரையாகக் கணக்கு வைத்திருந்த குடும்பங்கள் உண்டு. 2013 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அதன் மீது கட்டுப்பாடுகள் விதித்தது. வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தப் பணத்தையே விருப்பம்போல் எடுக்க முடியாத நிலை வந்தது. அப்போது வைப்புக் காப்பீட்டின் உச்சவரம்பு 1 லட்சம்தான். அந்த 1 லட்சமும் வங்கியின் உரிமம் ரத்தாகி, வங்கியைக் கலைக்கும் நிலை வந்தால்தான் கிடைக்கும். ரூபி வங்கியோ மூடவும் இல்லை, முழுதாகத் திறக்கவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் அப்படியே நின்றது.

இரண்டு மாற்றங்கள் வந்த பிறகே வழி பிறந்தது. 2020 பிப்ரவரி 4 முதல் காப்பீட்டு வரம்பு 5 லட்சமாக உயர்ந்தது. 2021 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, ரிசர்வ் வங்கி பணம் எடுக்கத் தடை விதித்த வங்கியின் வாடிக்கையாளருக்கு, உரிமம் ரத்தாகும்வரை காத்திராமல், 90 நாளுக்குள் காப்பீட்டுத் தொகை கிடைக்க வேண்டும். இந்தத் தொகையைத் தருவது ரிசர்வ் வங்கிக்குச் சொந்தமான டி.ஐ.சி.ஜி.சி. என்ற வைப்புக் காப்பீட்டுக் கழகம். 2022 மே மாதத்துக்குள் ரூபி வங்கி வாடிக்கையாளர்களுக்கு அது 700 கோடி ரூபாய் கொடுத்திருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உரிமத்தை ரத்து செய்வதாக அறிவித்தபோது, 99 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களுக்கு முழுத் தொகையும் காப்பீட்டிலிருந்தே கிடைக்கும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. 5 லட்சத்துக்குள் வைத்திருந்தவர் தப்பினார். ஆனால் அவரும் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தார். அதற்குள் எத்தனை மருத்துவச் செலவு, எத்தனை கல்யாணம் வந்து போயிருக்கும்! 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவரோ, மீதிக்கு வங்கியின் சொத்துகள் விற்றுக் காசாகும்வரை காத்திருக்க வேண்டும். புனேயிலேயே சிவாஜிராவ் போஸ்லே வங்கியின் உரிமம் 2021-லும், பிம்பிரியின் சேவா விகாஸ் வங்கியின் உரிமம் 2022-லும் ரத்தாயின.

இதற்காகக் கூட்டுறவு வங்கி என்றாலே ஓட வேண்டாம். 1906-இல் புனேயில் தொடங்கிய காஸ்மோஸ் வங்கி 2018 ஆகஸ்டில் இணையத் திருட்டில் 94 கோடி ரூபாய் அளவுக்கு இழந்தது. அதைத் தாங்கிக்கொண்டு இன்றும் நடக்கிறது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கவனிக்க வேண்டியது. பெரிய வணிக வங்கி தடுமாறினால், அதை இன்னொரு வங்கியோடு விரைவில் சேர்த்துவிடுவதுதான் ரிசர்வ் வங்கியின் வழக்கம். கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கிக்கு 2020 நவம்பர் 17 அன்று, 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்ற தடை வந்தது. பத்தே நாளில், நவம்பர் 27 அன்று, டி.பி.எஸ். இந்தியா வங்கியோடு சேர்த்துவிட்டார்கள். டெபாசிட்காரர்களுக்கு ஒரு ரூபாய்கூடப் போகவில்லை. சிறிய கூட்டுறவு வங்கிக்கு அப்படி உடனே கைகொடுக்க ஆள் கிடைப்பது அரிது.

பதசன்ஸ்தா விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: வேண்டாம். அது வங்கி அல்ல, கூட்டுறவுக் கடன் சங்கம். அங்கே போடும் பணத்துக்கு டி.ஐ.சி.ஜி.சி. காப்பீடு ஒரு ரூபாய்க்குக்கூடக் கிடையாது. தனியார் நிறுவனங்கள் ‘ஃபிக்ஸட் டெபாசிட்’ என்று சொல்லி வாங்கும் பணமும் அப்படியே. புனேயின் டி.எஸ்.கே. கட்டுமானக் குழுமத்தில் டெபாசிட் போட்டவர்கள், முதிர்ந்த பணம் திரும்பவில்லை என்று புகார் கொடுத்ததும், அதன் தலைவர் 2018 பிப்ரவரியில் கைதானதும் உங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை. போட்டவர்களில் ஓய்வு பெற்றவர்கள் ஏராளம். ரசீதில் எஃப்.டி. என்று அச்சிட்டிருப்பதால் அது வங்கி எஃப்.டி. ஆகிவிடாது.

5 லட்சம் வரம்பை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதில் பலர் தவறுகிறார்கள். அது அசலும் வட்டியும் சேர்ந்த தொகை. ஒரே வங்கியின் கட்கி கிளையிலும் கேம்ப் கிளையிலும் தனித்தனியாகப் போட்டாலும் இரண்டையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சேமிப்புக் கணக்கில் கிடப்பதும் அதில் சேரும். வேறு வங்கி என்றால் வேறு 5 லட்சம். கணவர் தனியாக வைத்திருப்பதும், அவர் பெயர் முதலாகவும் உங்கள் பெயர் இரண்டாவதாகவும் உள்ள கூட்டுக் கணக்கும், உங்கள் பெயர் முதலாக உள்ள கூட்டுக் கணக்கும் மூன்று தனி உரிமைகள். ஒவ்வொன்றுக்கும் 5 லட்சம் உண்டு. காப்பீட்டுக்கான பிரீமியத்தை வங்கியே கட்டுகிறது, உங்களிடம் கேட்காது.

இப்போது உங்கள் 25 லட்சம். என் யோசனை இது.

10 லட்சத்தை அஞ்சலகத்திலோ வங்கியிலோ மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுங்கள். இது மத்திய அரசின் பொறுப்பு; 5 லட்சம் வரம்புக் கவலை இதற்கு இல்லை. ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். ஐந்தாண்டுத் திட்டம், போடும் நாளில் உள்ள வட்டி ஐந்தாண்டுக்கும் மாறாது. 2023 ஏப்ரலிலிருந்து தொடர்ந்துவந்த 8.2 விழுக்காட்டில் கணக்குப் போட்டால், மூன்று மாதத்துக்கு ஒரு முறை 20,500 ரூபாய் கைக்கு வரும். அரசு காலாண்டுக்கு ஒரு முறை விகிதத்தை அறிவிக்கிறது; போடும் அன்று கேட்டுக்கொள்ளுங்கள். காக்கூ சொன்ன கூடுதல் வட்டியை இதோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி சபலம் போய்விடும்.

12 லட்சத்தை மூன்றாகப் பிரித்து, மூன்று வெவ்வேறு வணிக வங்கிகளில் 4 லட்சம் வீதம் எஃப்.டி. போடுங்கள். ஒன்று ஓராண்டுக்கு, ஒன்று இரண்டாண்டுக்கு, ஒன்று மூன்றாண்டுக்கு. ஏன் 5 லட்சம் இல்லை என்று கேட்பீர்கள். 7 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 4 லட்சம் மூன்றாண்டில் காலாண்டுக் கூட்டு வட்டியோடு 4,92,576 ரூபாய் ஆகும். அதாவது முதிரும் நாள்வரை வட்டியோடு சேர்ந்தும் அது காப்பீட்டுக்குள்ளேயே இருக்கும். வரம்பைத் தாண்டாமலிருக்க, அந்த வங்கிகளின் சேமிப்புக் கணக்கில் பெரிய தொகை கிடக்க விடாதீர்கள்.

இப்படி ஏணிப்படியாகப் பிரிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் ஒரு டெபாசிட் முதிரும். தேவையிருந்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் அன்றைய விகிதத்தில் மறுபடி மூன்றாண்டுக்குப் போடலாம். 2025-இல் மட்டும் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25 விழுக்காட்டுக்குக் குறைத்தது. வங்கிகளின் டெபாசிட் வட்டியும் இறங்கியது. அந்த ஆண்டு மொத்தப் பணமும் ஒரே நாளில் முதிர்ந்திருந்தால், எல்லாவற்றையும் குறைந்த வட்டியில்தான் போட வேண்டியிருந்திருக்கும். படிப்படியாகப் பிரித்தவருக்கு மூன்றில் ஒரு பங்குக்குத்தான் அந்த அடி.

மீதி 3 லட்சம், இந்த எஃப்.டி.கள் இல்லாத வேறொரு வங்கியின் சேமிப்புக் கணக்கிலோ, கணக்கோடு இணைந்து தேவைப்படும்போது எடுக்கக்கூடிய ஸ்வீப் டெபாசிட்டிலோ இருக்கட்டும். இரவில் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் எஃப்.டி. ரசீதைத் தேடக் கூடாது.

நடுவில் உடைக்க நேர்ந்தால்? தனிநபரின் 1 கோடி வரையிலான டெபாசிட்டை முதிர்வுக்கு முன் எடுக்க வங்கி அனுமதித்தே ஆக வேண்டும். ஆனால் ஒப்புக்கொண்ட வட்டி கிடைக்காது. பணம் எத்தனை நாள் இருந்ததோ அந்தக் காலத்துக்கான வட்டியைப் போட்டு, பெரும்பாலான வங்கிகள் அதிலும் அரை முதல் ஒரு விழுக்காடு குறைத்துக்கொள்ளும். சில மாதத் தேவை என்றால், உடைப்பதைவிட டெபாசிட்டின் மீது கடன் வாங்குவது லாபமாக இருக்கலாம். ‘வரிச் சேமிப்பு எஃப்.டி.’ என்று ஐந்தாண்டுத் திட்டம் ஒன்றைக் காட்டுவார்கள். அதை நடுவில் உடைக்கவும் முடியாது, கடன் வாங்கவும் முடியாது. அதன் வரிச்சலுகையும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான்.

வரியைப் பற்றிச் சுருக்கமாக. எஃப்.டி. வட்டி முழுதும் வருமானத்தில் சேரும். முதிர்வில்தான் பணம் கைக்கு வரும் என்றாலும் ஆண்டுதோறும் கணக்கில் காட்டுவதே பொது வழக்கம். 2025 ஏப்ரல் முதல் மூத்த குடிமக்களுக்கு ஒரு வங்கியில் ஆண்டு வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால்தான் டி.டி.எஸ். (வட்டியிலிருந்தே பிடிக்கும் வரி) பிடிப்பார்கள், மேலே சொன்னபடி பிரித்தால் அந்த எல்லையைத் தொட மாட்டீர்கள். டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று பொருளில்லை. ஆனால் 2025-26 நிதியாண்டு முதல் புதிய வரிமுறையில் வரிக்குரிய வருமானம் 12 லட்சம் வரை இருந்தால், தள்ளுபடி போக வருமான வரி கட்ட வேண்டியதில்லை. கணவரின் பென்ஷனையும் வட்டியையும் கூட்டிப் பாருங்கள். அவர் பணத்தை உங்கள் பெயரில் போட்டால் வரி குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்; அந்த வட்டி சட்டப்படி அவர் வருமானத்தோடுதான் சேரும். காப்பீட்டுக்காகப் பெயர் மாற்றிப் போடுவதில் மட்டும் தவறில்லை.

வங்கிக்குப் போகும் நாளில் இவற்றை முடித்துவிட்டு வாருங்கள்: எல்லா டெபாசிட்டுக்கும் நாமினி பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள் (2025 நவம்பர் முதல் நான்கு பேர் வரை போடலாம்). கூட்டுக் கணக்கில் ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற நிபந்தனையையும், முதிர்வுக்கு முன்பே எடுக்க மற்றவருக்கும் உரிமை உண்டு என்பதையும் எழுத்தில் கேளுங்கள். முதிர்வு நாளை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். புதுப்பிக்காமல் விட்ட டெபாசிட்டுக்கு, ஒப்பந்த வட்டி, சேமிப்புக் கணக்கு வட்டி இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். கவுன்டரில் ‘இதுவும் எஃப்.டி. மாதிரிதான்’ என்று காப்பீட்டு பாலிசியை நீட்டினால், கையெழுத்துப் போடாமல் எழுந்துவிடுங்கள்.

உங்கள் கணவர் கேட்கும் நிம்மதி நியாயமானது. அது ஒரே இடத்தில் போடுவதால் வராது. 25 லட்சத்துக்கு ஒரு விழுக்காடு கூடுதல் வட்டி என்றால் ஆண்டுக்கு 25,000 ரூபாய், மாதத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். அந்தத் தொகைக்காக வாழ்நாள் உழைப்பின் அசலை ஒரே வங்கியின் தலையில் கட்ட வேண்டாம்.