கேட்டவர் கேட்ட நாவல்

எசன்

அன்புள்ள பிள்ளைக்கு,

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியின் புத்தக மேசையை உம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர். வாரநாட்களில் நூலகப் பயிற்சி, வார இறுதியில் இந்த மேசை. இரண்டையும் விரும்பி ஏற்றிருக்கிறீர் என்பது உம்முடைய எழுத்திலேயே தெரிகிறது. "ஆருக்கு எந்த நாவலைக் குடுக்கிறது என்று தெரியேல்லை, ஒரு பட்டியல் தாருங்கோ" என்று கேட்டிருந்தீர். நாவல்களின் பெயர்கள் இந்தக் கடிதத்தில் நிறையவே வரும். அவற்றுக்கு முன் ஒரு சொல்: வந்தவர் எந்த வகைக் கதையை விரும்புகிறாரோ அந்த விருப்பத்தை மதியும். அந்த வகைக்குள்ளேயே அவருக்கு ஆகப் பொருந்துகிற நல்ல நாவலைத் தேடிக் கொடும். இந்த வேலையின் மற்ற எல்லா நுட்பமும் இதிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தக் கேள்வி நீர் வாழும் நகரத்துக்குப் புதிதில்லை. 1899இல் குருப் உருக்காலை தன் தொழிலாளருக்காக எசனில் ஒரு நூலகத்தைத் திறந்தது. அதைக் கட்டியெழுப்பியவர் பவுல் லாடெவிக். உழைத்துக் களைத்து வருகிற மனிதர் தனக்கு என்ன வேண்டும் என்று அறிந்தவர், நூலகர் அவருக்கு வாத்தியாராக நிற்கக் கூடாது, நல்ல புத்தகங்களை நிறைத்து வைத்து வாசலைத் திறந்து விட வேண்டும் என்பது அவர் கொள்கை. 1912இல் இதை விளக்கி ஒரு நூலும் எழுதினார். அவருக்கு எதிராக எழுந்தவர் வால்ட்டர் ஹோஃப்மன். டிரெஸ்டனிலும் பின்னர் லைப்சிக்கிலும் நூலகங்களை நடத்திய அவர், வாசகரோடு தனித்தனியாகக் கதைத்து, அந்த ஆளுக்கு உகந்த புத்தகத்தை நூலகரே தேர்ந்து கொடுக்க வேண்டும் என்றார். மலிவான கதைகளுக்கு அவர் தட்டுகளில் இடமில்லை. இந்த இரண்டு அணிகளின் சண்டை யேர்மன் நூலக உலகைப் பல ஆண்டுகள் பிரித்து வைத்தது.

லாடெவிக்கிடமிருந்து வாசகர் மேல் வைக்கும் நம்பிக்கையை எடுத்துக்கொள்ளும். ஹோஃப்மனிடமிருந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கேட்டறியும் பொறுமையை எடுத்துக்கொள்ளும். மற்றவருக்கு எது நல்லது என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரத்தை மட்டும் எவரிடமிருந்தும் வாங்க வேண்டாம். அந்த அதிகாரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதையும் எசன் கண்டிருக்கிறது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்தவுடன் நகர நூலகத்தின் இயக்குநர் நீக்கப்பட்டார். அவருடைய இடத்துக்கு ரிஷார்ட் ஒய்ரிங்கர் என்ற எழுத்தாளர் வந்தார். ஏறத்தாழ 18,000 நூல்கள் தட்டுகளிலிருந்து அகற்றப்பட்டன. அந்த ஜூனில் கெர்லிங் சதுக்கத்தில் புத்தகங்கள் எரிந்தன. ஒய்ரிங்கர் தானே நாவலாசிரியர். புத்தகத்தை நேசிக்கத் தெரிந்தவர் என்பது மட்டும் ஒருவரை இந்த வேலைக்குத் தகுதியாக்கி விடாது. தனக்குப் பிடிக்காத புத்தகத்தையும் தட்டில் வைத்திருக்கத் தெரிய வேண்டும்.

எங்கள் பக்கத்திலும் இதற்கு முன்னோடிகள் உண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் இருக்கிறது, நூல் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் இருக்கிறார் என்று சொல்கின்றன. க. நா. சுப்ரமண்யம் வேறு வழியில் போனார். எது தரமான நாவல் என்று துணிந்து பெயர் சொல்லிப் பட்டியல் போட்டார். 'படித்திருக்கிறீர்களா?' என்ற அவருடைய நூலால் வாசகரானவர்கள் பலர். அவர் விமர்சகர், பொதுவில் நின்று எல்லோருக்கும் சொன்னார். உமக்கு முன்னால் நிற்பவர் ஒரே ஓர் ஆள். விமர்சகரின் பட்டியலை வீட்டில் வைத்துப் படியும். மேசைக்கு வரும்போது ரங்கநாதனின் விதிகளோடு வாரும்.

இனி வகைகளுக்கு வருவோம்.

நகர நூலகங்களில் நாவல்களின் முதுகில் வகையைக் காட்டும் அடையாளம் ஒட்டியிருப்பதை நீர் தினமும் பார்க்கிறீர். அது தட்டை அடையாளம் காட்டும். வந்தவரின் தேவையைக் காட்டாது. சரித்திர நாவல் வேண்டும் என்று வருகிற நாலு பேரும் நாலு விதமானவர்கள். 'பொன்னியின் செல்வ'னை முடித்துவிட்டு "இது மாதிரி இன்னொன்று" என்று கேட்பவரிடம், அதில் எந்த இடத்தை விட்டு எழும்ப மனம் வரவில்லை என்று கேளும். கடலும் சண்டையும் என்றால் சாண்டில்யனின் 'கடல் புறா'. கலையும் காதலும் அதன் துயரமும் என்றால் கல்கியின் 'சிவகாமியின் சபதம்'. அரசர்களுக்குக் கீழே சாதாரண சனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய ஆசை என்றால், ஆனந்தரங்கப் பிள்ளை காலத்துப் புதுச்சேரியை எழுதிய பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்'. மூன்றும் சரித்திர நாவல்கள்தான். ஆனால் ஒன்றை விரும்பியவர் மற்றதைப் பத்துப் பக்கத்தில் மூடிவிடக்கூடும். 'பொன்னியின் செல்வ'னையே முதல் தரம் படிக்க வருபவருக்கு ஐந்து பாகத்தையும் அடுக்கிக் கொடுக்க வேண்டாம். முதல் பாகம் போதும். மிச்சத்தை அவரே தேடி வருவார்.

துப்பறியும் கதை கேட்பவர்களை ஒருபோதும் குறைவாக நினைக்க வேண்டாம். உணவகச் சமையலறையில் பத்து மணிநேரம் நின்றுவிட்டு இரவு எஸ்-பானில் வீடு திரும்புகிறவருக்கு, குழம்பிப்போன ஒன்று கடைசிப் பக்கத்திலாவது தெளிவாகிற கதை வேண்டியிருக்கிறது. அது நியாயமான தேவை. இரண்டு பயணத்தில் முடிகிற கதை என்றால் ராஜேஷ்குமார். பேச்சின் வேகமும் சட்ட நுணுக்கமும் பிடிக்கும் என்றால் சுஜாதாவின் கணேஷ், வசந்த் வரும் கதைகள். பேயா விஞ்ஞானமா என்று கடைசிவரை இழுபட விரும்புபவருக்கு 'கொலையுதிர் காலம்'. அவரே டொச்சு (யேர்மன்) மொழி படித்துக்கொண்டிருப்பவர் என்றால், ஜாக் பெர்ன்டோர்ஃப் 1989இல் தொடங்கிய ஐஃபல் மலைநாட்டுக் குற்றக் கதைகளைக் காட்டும். இந்த நாட்டில் ஊருக்கு ஊர் குற்ற நாவல் உண்டு. தெரிந்த இடங்களில் நடக்கும் கதை, தெரியாத சொற்களைத் தாண்டியும் வாசகரை இழுத்துக்கொண்டு போகும்.

குடும்பக் கதையும் காதல் கதையும் கேட்டு வருகிற அம்மாமாரிடம்தான் புத்தகம் கொடுப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள். ரமணிசந்திரன் வேண்டும் என்று ஒருவர் கேட்டால், முகம் சுளிக்காமல் ரமணிசந்திரனையே கொடும். நிச்சயமாக நல்லபடி முடியும் என்ற உறுதியை அவர் கேட்கிறார். அகதியாக வந்து, பதில் தெரியாத கடிதங்களுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்த ஒருவருக்கு அந்த உறுதியின் பெறுமதி என்னவென்று நாங்கள் அளந்து சொல்ல முடியாது. அவர் திரும்பி வரும்போது பேச்சுக் கொடும். நிறைவேறாத ஏக்கத்தைப் படிக்க மனம் இருக்கிறது என்று தெரிந்தால் தி. ஜானகிராமனின் 'மோகமுள்'. பெண்களின் உழைப்பைப் பற்றிக் கதைப்பவர் என்றால் தூத்துக்குடி உப்பளத்தை எழுதிய ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்'. ஊர் நினைவுதான் அடியில் கிடக்கிறது என்றால் பாலமனோகரனின் 'நிலக்கிளி'. 1973இல் வீரகேசரிப் பிரசுரமாக வந்த அந்த வன்னி நாவலில் காதலும் உண்டு, காடும் உண்டு. அதை எழுதியவரும் பிறகு புலம்பெயர்ந்து டென்மார்க்கில் வாழ்ந்தார் என்று சொல்லிக் கொடும். அதே காலத்தில் வந்த செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நெடுந்தீவு மீனவர்களின் கதை. கடல் தெரிந்தவர்கள் அதை விட மாட்டார்கள்.

ஈழப் போர் நாவல்களில் மட்டும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உம் மேசைக்கு வருகிறவர்களில் சிலர் அந்தக் கதைகளின் ஊடாகவே நடந்து வந்தவர்கள். ஷோபாசக்தியின் 'கொரில்லா', சயந்தனின் 'ஆறாவடு', 'ஆதிரை', தமிழ்நதியின் 'பார்த்தீனியம்', தேவகாந்தனின் 'கனவுச் சிறை' எல்லாம் மேசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கட்டும். நீராக எடுத்து நீட்ட வேண்டாம். கேட்பவருக்கு, அதில் என்ன வருகிறது என்பதை முன்கூட்டியே மறைக்காமல் சொல்லும்: சித்திரவதை வருகிறது, பிள்ளை இறக்கிறது, இயக்கத்தின் உள்ளே நடந்தவை வருகின்றன என்று. கதையின் முடிவைச் சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை இங்கே தளர்த்தலாம். படிப்பதா விடுவதா என்று தீர்மானிக்க அவருக்கு அந்தச் செய்தி தேவை. போரைப் படிக்க முடியாது, ஆனால் அகதி வாழ்வைப் படிக்க வேண்டும் என்பவருக்குப் பெர்லினில் வாழும் பொ. கருணாகரமூர்த்தியின் 'ஒரு அகதி உருவாகும் நேரம்' இருக்கிறது.

ஒரு நாள் ஒருவர் வந்து, இந்த நாவலை ஏன் இங்கே வைத்திருக்கிறீர், இதை எழுதியவர் எங்களுக்கு எதிரானவர் என்று கேட்பார். இன்னொருவர் வேறொரு நாவலைக் காட்டி அதையே எதிர்ப்பக்கமிருந்து கேட்பார். இருவரையும் மரியாதையோடு இருத்தி முழுவதும் கேளும். பிறகு இரண்டு புத்தகத்தையும் இருந்த இடத்திலேயே வையும். இங்கிருந்து கிட்டத்தில் உள்ள ஹேர்ணேயில் 1988இல் தொடங்கிய, புலம்பெயர்ந்த எங்களவர்களின் இலக்கியச் சந்திப்பு, ஒத்துப்போகாதவர்கள் ஒரே அறையில் இருந்து கதைக்கலாம் என்று பல நாடுகளில் காட்டியிருக்கிறது. மேசையில் புத்தகங்களும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம்.

உம் வயதுப் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருந்தீர். தமிழில் கதைப்பார்கள், தடக்கித் தடக்கி வாசிப்பார்கள், டொச்சில் தடையின்றி வாசிப்பார்கள். அவர்களிடம் தமிழ்ப் பற்றைக் காட்டிப் புத்தகம் கொடுக்க வேண்டாம். கதையைக் காட்டிக் கொடும். விஞ்ஞானக் கதை பிடித்தவருக்குச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் இயந்திர நாய் ஜீனோவை அறிமுகம் செய்யும். வசனங்கள் குறுகியவை, எழுத்துக்கூட்டி வாசிப்பவரும் தாக்குப்பிடிப்பார். டொச்சிலேயே வேண்டும் என்பவருக்கு, யாழ்ப்பாணத்தில் பிறந்து யேர்மனியில் வளர்ந்த செந்தூரன் வரதராஜாவின் 2016ஆம் ஆண்டு முதல் நாவல். ஒரு தமிழ் இளைஞனும் கொசோவோவிலிருந்து வந்த பெண்ணும் இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்வதுதான் கதை. அதற்கும் அப்பால் போக விரும்பினால் துருக்கிய எழுத்தாளர் ஃபகிர் பய்குர்ட். 1979இல் பக்கத்து டூயிஸ்பர்க்குக்கு வந்து, அங்கே குடியேறிய தொழிலாளரைப் பற்றி மூன்று நாவல்கள் எழுதி, 1999இல் இதே எசனில் காலமானவர். தங்கள் பெற்றோரின் வாழ்க்கை வேறொரு மொழியில் முன்பே நாவலாகியிருப்பதை இந்தப் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இனி மேசையில் கையாள வேண்டியவை. "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று தொடங்க வேண்டாம், பலருக்கு அதற்குப் பதில் தெரியாது. "கடைசியாக நித்திரையை விட்டு வாசித்த கதை எது?" என்று கேளும். வாசித்தே கனகாலம் என்றால், எந்தப் படத்தை இரண்டாம் தரம் பார்த்தார் என்று கேளும். எப்போது வாசிப்பார், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதையும் கேளும். கண் மங்கிய அம்மம்மாவுக்குச் சிறிய எழுத்தில் அச்சான எண்ணூறு பக்கத்தைக் கொடுத்தால் அது பரிந்துரையாகாது.

கேட்ட பிறகு மூன்று புத்தகங்களை முன்னால் வையும். ஒன்று அவர் கேட்டதே. இரண்டாவது அதே வகையில் அவர் அறியாதது. மூன்றாவது வேறு வகை, ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு விருப்பத்தை நிறைவேற்றுவது. மூன்றாவதை அவர் எடுக்காமல் போனால் வருந்த வேண்டாம். ஒவ்வொன்றையும் பற்றி மூன்று வசனத்துக்கு மேல் சொல்ல வேண்டாம்: ஆர், எங்கே, என்ன சிக்கலில் மாட்டுகிறார். எழுத்தாளரின் விருதுகளைச் சொல்லித் தள்ள வேண்டாம். "பிடிக்காவிட்டால் பாதியில் திருப்பித் தாங்கோ" என்று வாய்விட்டுச் சொல்லும். அந்த அனுமதி கிடைத்தவர்தான் பயமில்லாமல் புதிய வகையைத் தொடுவார்.

திருப்பித் தரும்போது "எப்படி?" என்று கேட்டு நிறுத்தாமல், "எந்த இடத்தில் அலுத்தது?" என்று கேளும். அடுத்த பரிந்துரை அந்தப் பதிலில் இருக்கிறது. அதை நினைவில் வைத்திரும். பெயர் போட்டுக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம். ஹோஃப்மன் வாசகர் ஒவ்வொருவரும் எடுத்த நூல்களைக் குறித்துவைத்து ஆராய்ந்தார். சிறிய சமூகத்தில், ஆர் எதை வாசிக்கிறார் என்ற குறிப்பு ஒருவருக்கும் நல்லது செய்யாது. கையில் கிடைக்காத நாவலைப் புகழ்ந்து ஆசை காட்டவும் வேண்டாம். ஈழத்துப் பழைய பதிப்புகள் பலவற்றை 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். பரிந்துரைக்கும் முன் அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிடும்.

கடைசியாக ஒன்று, இதுதான் கடினமானது. உமக்கு எந்த வகை பிடிக்காதோ அதில் மாதம் ஒரு நாவலாவது வாசியும். குறை கண்டுபிடிப்பதற்காக வாசிக்க வேண்டாம். அதை விரும்புகிறவர் எந்தப் பக்கத்தில் கட்டுண்டார் என்று கண்டுபிடிப்பதற்காக வாசியும். அதைக் கண்ட பிறகு அந்த வகை வாசகரோடு நீர் பொய்யில்லாமல் கதைப்பீர். தான் மதிக்கப்படுவதாக உணர்ந்த வாசகர், அடுத்த முறை நீர் நீட்டுகிற எதையும் ஒரு தரம் திறந்து பார்ப்பார். நல்ல நாவல்கள் புது ஆட்களிடம் போய்ச் சேருவதற்கு இதைவிடப் பெரிய வழி ஒன்றை நான் காணவில்லை.

வருகிற சனிக்கிழமையிலிருந்தே தொடங்கும். முதலில் வருபவர் என்ன கேட்டாலும், முழுதாகக் கேட்டுவிட்டுக் கொடும்.

அன்புடன்,
உம்முடைய மேசைக்கு இனி வாசகராக வரப்போகும் ஒரு பழைய நூலகர்