கடின நீரும் குழாய்ப் படிவும்

நம் நாட்டின் கிராமக் குடிநீர்த் திட்டங்களில் பெரும்பகுதி நிலத்தடி நீரையே நம்பி நடைபெறுகின்றன. ராஜஸ்தான், குஜராத், தக்காணப் பீடபூமி ஆகிய பகுதிகளில் இந்நீர் பல இடங்களில் கடின நீராக உள்ளது. ஜல் ஜீவன் இயக்கம் 2019-இல் தொடங்கப்பட்டபின் குழாய் இணைப்புகள் பெருகியுள்ளமையால், அவற்றைப் பழுதின்றிக் காப்பதும் நிர்வாகத்தின் பொறுப்பாகியுள்ளது.

கடினத்தன்மை கால்சியம், மக்னீசியம் உப்புகளால் உண்டாவது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாதவிடத்து 600 வரை அனுமதிக்கப்படுகிறது. எனவே குடிக்கத் தகுந்த நீரே குழாய்க்குப் பகையாக இருக்கக்கூடும்.

சர்க்கரை சுடுநீரில் அதிகமாகக் கரையும். கால்சியம் கார்பனேட்டோ சூடு ஏற ஏறக் குறைவாகவே கரையும். நீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் வெப்பத்தால் சிதைந்து, கரியமில வாயு வெளியேற, சுண்ணாம்புப் படிவு எஞ்சுகிறது. அழுத்தம் குறையும் இடங்களிலும் இவ்வாயு வெளியேறும். ஆகவே படிவு எல்லா இடத்திலும் ஒரே சீராக உண்டாவதில்லை. வெந்நீர்க் கலன், பம்பு, வால்வு ஆகியவையே முதலில் பாதிக்கப்படும். குளிர்ந்த நீர் செல்லும் பிளாஸ்டிக் குழாயில் பாதிப்பு குறைவு. தடுப்பு முயற்சியும் இந்த இடங்களிலிருந்தே தொடங்க வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். உள்விட்டம் 25 மில்லிமீட்டர் உள்ள வெந்நீர்க் குழாயில் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் படிந்தால் விட்டம் 19 ஆகிறது. இதனால் அதே அழுத்தத்தில் பாயும் நீர் ஏறத்தாழப் பாதியாகிவிடும். சொரசொரப்பான படிவின் உராய்வையும் சேர்த்தால் இன்னும் குறையும். மாணவர் விடுதியின் மேல்மாடியில் தண்ணீர் ஏறவில்லை என்ற புகாருக்குப் பெரிய பம்பு வாங்குமுன் குழாயின் உட்புறத்தைப் பார்ப்பது நலம்.

இரசாயனமற்ற தடுப்பு முறைகளில் மிக எளியது வெப்பத்தைக் கட்டுப்படுத்துவதாகும். கலனை 60 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்காதிருந்தால் படிவின் வேகம் வெகுவாகத் தணியும். ஆயினும் மருத்துவமனைகளில் சேமிக்கும் வெந்நீரை அதற்குக் கீழும் வைக்கலாகாது. மிதமான சூட்டில் லெஜியோனெல்லா என்னும் நோய்க்கிருமி பெருகும். அடுத்தது, நீராதாரத்தையே மாற்றுவது. மழைநீரையோ ஆற்று நீரையோ கிணற்று நீருடன் கலந்தால் கடினத்தன்மை அந்த விகிதத்தில் குறையும். ஆனால் முற்றிலும் மென்மையான நீர் உலோகக் குழாய்களை அரிக்கவல்லது. மெல்லிய படிவு ஓரளவு காப்பாகவும் அமைகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

சந்தையில் விற்கப்படும் காந்தக் கருவிகளைப் பற்றி அலுவலகங்களில் அடிக்கடி கேட்கப்படுகிறது. 1945-இல் பெல்ஜியத்தில் இம்முறைக்குக் காப்புரிமை பெறப்பட்டது. அன்று முதல் நடந்த ஆய்வுகளில் சில பலன் கண்டன, சில எதுவும் காணவில்லை. இக்கருவி உப்பை நீக்குவதில்லை. ஆகையால் கடினத்தன்மைச் சோதனை செய்து இதன் பலனை அறிய முடியாது. ஒரே அளவுள்ள இரு வெந்நீர்க் கலன்களில், ஒன்றில் மட்டும் கருவியைப் பொருத்தி, ஒரே நீரை ஒரே வெப்பத்தில் மூன்று மாதம் பயன்படுத்தி, பின்னர் இரண்டிலும் சேர்ந்த படிவை உலர்த்தி நிறுத்துப் பார்க்கலாம். விற்பனையாளர் இதற்கு உடன்படாவிடில் பொதுப் பணத்தை அதில் செலவிட வேண்டியதில்லை என்பதே என் கருத்து.

படிந்ததை அகற்றுவதில் நம் ரயில்வே நெடுங்கால அனுபவம் உடையது. நீராவி எஞ்சின்கள் ஓடிய காலத்தில் அவற்றின் கொதிகலன்களைக் குறித்த இடைவெளியில் திறந்து, நீரைப் பீய்ச்சியும் கம்பியால் சுரண்டியும் கழுவினர். கொதிகலனைச் சூடு தணியுமுன் காலி செய்தால் சேறு சுட்டு இறுகிவிடும் என்பதால் ஆறவிட்டே நீரை வடித்தனர். இன்றைய வெந்நீர்க் கலனுக்கும் இது பொருந்தும். அடியில் சேரும் சேற்றை மாதந்தோறும் வடித்துவிட்டால் அது கல்லாக இறுகாது. இறுகியபின் தூரிகை, உயர் அழுத்த நீர்த்தாரை முதலியவை வேண்டும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் குழாயைச் சுத்தியால் தட்டுவது தவறு. படிவோடு பூச்சும் உதிரும். விட்டத்தில் பாதிக்குமேல் அடைந்த சிறு குழாயைத் துலக்குவதைவிட மாற்றுவதே சிக்கனம்.

இவையனைத்திற்கும் குழாயைத் திறக்க வழி இருத்தல் வேண்டும். மதிப்பீடு தயாரிக்கும்போதே ஒவ்வொரு வெந்நீர்க் கலனின் இருபுறமும் அடைப்பு வால்வும், கழற்றக்கூடிய யூனியன் இணைப்பும், அடியில் வடிகுழாயும் சேர்க்கப்பட வேண்டும். இவற்றுக்கான செலவு சொற்பமே. விடுபட்டால் பின்னர் சுவரை உடைத்தே குழாயை எடுக்க நேரிடும்.