இரண்டு டேட்டா சென்டர் இருந்தால் போதுமா?

சிலாங்கூரின் காப்பாரில் ஒரு சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்தவர் கியூஆர் குறியை ஸ்கேன் செய்கிறார். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "அண்ணே, லைன் இல்லபோல." கடைக்காரர் இழுப்பறையைத் திறந்தபடி, "சில்லறை இருக்கா தம்பி?" என்கிறார். பக்கத்து மேசையிலிருந்து ஆறுதல் வருகிறது: "பேங்குக்கு ரெண்டு டேட்டா சென்டர் இருக்கும். இப்ப வந்துடும்."

இரண்டு இருப்பது மெய்தான். தடங்கலுக்கு வரம்பும் உண்டு. வாடிக்கையாளரைப் பாதிக்கும் எதிர்பாராத தடங்கல் ஒரு முறைக்கு 120 நிமிடம், 12 மாதங்களில் மொத்தம் 4 மணி நேரம். முக்கிய அமைப்புகளுக்கு மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாரா விதித்துள்ள வரம்பு இது. ஆனால் 'இப்ப வந்துடும்' என்பதற்கு யார் பொறுப்பு?

நம்பிக்கை 1: ஒரு மையம் விழுந்தால் மற்றொன்று தாங்கிவிடும்.

உண்மை: 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஈக்வினிக்ஸ் டேட்டா சென்டரின் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தபோது தவறான கட்டளையால் குளிர்நீர் வால்வுகள் மூடிக்கொண்டன. வெப்பம் ஏறியது. டிபிஎஸ், சிட்டி ஆகிய இரு வங்கிகளும் உடனே மாற்று மையத்துக்குத் தாவின. அங்கே டிபிஎஸ்ஸுக்கு நெட்வொர்க் அமைப்பில் பிழை. சிட்டிக்கு இணைப்புச் சிக்கல். சுமார் 25 லட்சம் பணப் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. மாற்று மையம் இருந்தது, கைகொடுக்கவில்லை.

நம்பிக்கை 2: தரவு அங்கே உடனுக்குடன் பிரதியாகிறது, தனியாக பேக்கப் எதற்கு?

உண்மை: பிரதியெடுப்பு கண்ணாடி மாதிரி. இங்கே தவறாக அழித்தால் அங்கேயும் அழியும். 2017 ஜனவரி 31 இரவு, பின்தங்கிப் போன இரண்டாம் சர்வரைச் சரிசெய்ய முயன்ற, மென்பொருள் நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்லேப்பின் பொறியாளர் ஒருவர், தவறுதலாக முதன்மை சர்வரின் தரவையே அழிக்கத் தொடங்கினார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய், 4.5 ஜிபிதான் மிஞ்சியது. தானியங்கி பேக்கப்பைத் தேடினால் சேமிப்பிடம் காலி: பேக்கப் மென்பொருளின் பதிப்பு டேட்டாபேஸின் பதிப்போடு பொருந்தாமல் பல நாளாகத் தோற்றுக்கொண்டிருந்தது. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்துவைத்த நகல்தான் மானத்தைக் காத்தது.

நம்பிக்கை 3: இரண்டாம் மையம் எவ்வளவு தூரமோ அவ்வளவு நல்லது.

உண்மை: ஒளிக்கும் நேரம் பிடிக்கும். கண்ணாடி இழையில் ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ விநாடி. காப்பாரிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டரில் உள்ள சைபர்ஜெயாவுக்குப் போய்வர அரை மில்லி விநாடி; 300 கிலோமீட்டர் தள்ளி ஜொகூரில் வைத்தால் குறைந்தது 3. ஒரு பரிவர்த்தனைக்குள் அடுத்தடுத்துப் பத்து முறை எழுதி, ஒவ்வொரு முறையும் அங்கிருந்து பதில் வரக் காத்திருந்தால் 30 மில்லி விநாடி. இந்தத் தாமதத்தைத் தவிர்க்க, பதிலுக்குக் காத்திராமல் எழுதலாம். ஆனால் முதல் மையம் விழும் கணத்தில் கடைசிச் சில விநாடிகளின் தரவு போய்விடும்.

பக்கத்திலேயே வைத்தாலும் ஆபத்து. 2021 டிசம்பர் வெள்ளத்தில் ஷா ஆலமும் கிள்ளானும் ஒன்றாகத்தான் மூழ்கின. ஃபெடரல் நெடுஞ்சாலையிலேயே வாகனங்கள் சிக்கின. ஜெனரேட்டருக்கான டீசல் லாரியும் அதே சாலையில்தான் வந்தாக வேண்டும். மின்சாரமோ தூரம் பார்ப்பதில்லை. 1996 ஆகஸ்ட் 3 அன்று திரங்கானுவின் பாக்கா மின் நிலையத்தில் தொடங்கிய கோளாறு தீபகற்பம் முழுவதையும் இருட்டாக்கியது. காப்பார் மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்தபடி வாழ்கிறவர்களுக்கும் அன்று விளக்கு எரியவில்லை.

நம்பிக்கை 4: தானாக மாறும்படி அமைத்துவிட்டால் கவலையில்லை.

உண்மை: இரண்டே மையங்கள் இருந்து நடுவே கம்பி அறுந்தால், 'மற்றவர் செத்துவிட்டார்' என்று இரண்டுமே நினைத்துத் தனித்தனியாக எழுதத் தொடங்கும். ஆகவே தீர்ப்புச் சொல்ல மூன்றாவது இடத்தில் ஒரு ஓட்டு வேண்டும். அதுவும் முழுக் காப்பல்ல. 2018 அக்டோபர் 21 அன்று, அதேபோன்ற இன்னொரு நிரல் தளமான கிட்ஹப்பில் இணைப்பு அறுந்தது 43 விநாடிகள்தான். தானியங்கி அமைப்பு, பெரும்பான்மை ஓட்டோடு தலைமையை அமெரிக்காவின் மேற்குக் கரைக்கு மாற்றியது. கிழக்கில் எழுதியும் மேற்கை எட்டாத தரவு நின்றுபோனது. இரண்டையும் ஒப்புநோக்கிச் சேர்த்து, சேவை முழுமையாகத் திரும்ப 24 மணி 11 நிமிடம் ஆனது.

அதனால்தான் அனுபவசாலிகள் ஞாயிறு அதிகாலையில் வேண்டுமென்றே மையம் மாற்றி ஓட்டிப் பார்க்கிறார்கள். திரும்பி வருவதையும் சேர்த்து. ஒத்திகையில் அகப்படுபவை பெரும்பாலும் சின்ன விஷயங்கள். 'இப்போது மாற்று' என்று உத்தரவிட வேண்டிய அதிகாரியின் கைப்பேசி எண், விழுந்துபோன மையத்தின் சர்வரில் மட்டும் இருப்பது போல.