நாக்கில் அணியும் உலோகம் பல்லுக்குச் செய்வது என்ன?

காது குத்துவதும் மூக்குக் குத்துவதும் நம் குடும்பங்களில் தலைமுறைகளாக நடந்து வருபவை. ஆகவே, மகனோ மகளோ நாக்கில் துளையிட்டு வந்து, "காதில் குத்துவதைப் போன்றதுதானே?" என்று கேட்டால் பெற்றோருக்கு உடனே மறுமொழி கூற இயலுவதில்லை. காதுமடல் அசைவதில்லை, அதனருகே பற்களும் இல்லை. நாக்கோ பேசும்போதும் விழுங்கும்போதும் ஓயாது அசைகிறது. அதில் கோத்த உலோகக் குச்சி பற்களையும் ஈறுகளையும் நாள் முழுவதும் உரசுகிறது.

இந்த உராய்வால் முதலில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் கீழ்முன்பற்களின் உட்புற ஈறு. அங்கே பல்லின் வேரை மூடியிருக்கும் எலும்பு மிக மெல்லியது. ஈறு சிறிது சிறிதாகக் கீழிறங்க, வேர் வெளிப்படுகிறது. எலும்பும் தேய்ந்தால் பல் ஆடத் தொடங்குகிறது. தொடக்கத்தில் வலி இராது. கண்ணாடி முன் நின்று பல் துலக்குபவருக்கும் அந்த உட்புறம் தெரிவதில்லை. "பல ஆண்டுகளாக அணிந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை" என்பவர்களிடமும் நாங்கள் அந்த இடத்தையே முதலில் பார்க்கிறோம். உதட்டில் அணிபவர்களுக்கு இதே பாதிப்பு பற்களின் வெளிப்புற ஈறில் நேர்கிறது.

இறங்கிய ஈறு தானாக மீண்டும் வளராது. அண்ணத்திலிருந்து திசு எடுத்து ஒட்டும் சிகிச்சை உண்டெனினும், இழந்த அனைத்தையும் அது மீட்டுத் தருவதில்லை.

குச்சியின் முனைக் குண்டைக் கடித்து விளையாடுவது பலருக்கும் தம்மையறியாமலே வரும் பழக்கம். இதனால் கடைவாய்ப் பற்கள் உடைகின்றன. பிளாஸ்டிக் குண்டு பல் உடைவதை ஓரளவு குறைக்கலாம், உராய்வை நீக்காது. துளையிட்டவுடன் நாக்கு வீங்கும் என்பதால் முதலில் நீளமான குச்சி பொருத்தப்படுகிறது. வீக்கம் வடிந்தபின் அதை மாற்றாதோர் பலர். நீளமான குச்சியே அதிகம் உரசுகிறது.

திருவிழாவில் நாக்கில் அலகு குத்துவோர் இல்லையா எனச் சிலர் கேட்கக்கூடும். நேர்த்திக்கடன் முடிந்ததும் அலகு எடுக்கப்படுகிறது. அது ஆண்டுக்கணக்கில் பல்லை உரசுவதில்லை. ஆயினும் தொற்றுக்கான வாய்ப்பு இரண்டிலும் உண்டு. தூய்மையற்ற ஊசியால் ஹெபடைடிஸ் பி போன்ற நோய்களும் பரவலாம்.

செயற்கை இதய வால்வு பொருத்தப்பட்டவர்களும், இதய உட்சவ்வு அழற்சி முன்பு வந்தவர்களும் வாயில் துளையிடுவதை அறவே தவிர்க்க வேண்டும். வாயிலுள்ள கிருமிகள் இரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும் மருத்துவரைக் கேளாமல் முடிவெடுக்கலாகாது.

துளையிட்டபின் நாக்கின் அடியிலோ தாடையின் கீழோ வீக்கம் பரவினால், காய்ச்சலுடன் விழுங்குவதோ மூச்சு விடுவதோ கடினமானால், பல் மருத்துவரின் நேரத்திற்காகக் காத்திராமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு உடனே அழைத்து வாருங்கள். வீங்கிய நிலையில் அணியை நீங்களே பிடுங்க முயல வேண்டாம்.

எம்ஆர்ஐ பரிசோதனைக்கும் மயக்க மருந்து தரும் அறுவை சிகிச்சைக்கும் முன்னர் அணியைக் கழற்ற வேண்டியிருக்கும். துளை மூடிவிடுமென்று அஞ்சி இதை மறைப்போர் உண்டு. செவிலியரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். வீட்டில் திட்டு விழும் எனப் பயந்து வலியையும் மறைக்கும் இளைஞர்கள்தாம் எங்களிடம் தாமதமாக வருகிறார்கள்.