சித்தன்னவாசல் ஓவியமும் படத்தின் உரிமையும்

புதுக்கோட்டை மாவட்டத்துச் சித்தன்னவாசலை அறியாத சமண அன்பர் இரார். ஏழடிப்பட்டத்துக் கற்படுக்கைகளும், அறிவர் கோயிலின் விதானத்தில் தாமரைத் தடாகமும், அதில் மீனும் அன்னமும் யானையும் எருமையும், மலர் கொய்யும் ஆடவரும் நம் முன்னோர் விட்டுச்சென்ற செல்வங்கள்.

அண்மையில் அழைப்பிதழ் ஒன்றிற்காக இவ்வோவியத்தின் படத்தைத் தேடினோம். கைபேசி வழியே வந்த படமொன்றின் கீழ்ச் 'சித்தன்னவாசல்' என்றே எழுதியிருந்தது. அச்சுக்கு அனுப்பிய பின்னரே, "இது தாமரை ஏந்திய போதிசத்துவர் அல்லவா?" என்று முதியவர் ஒருவர் வினவினார். பார்த்தால், அஜந்தா முதற் குகையின் பத்மபாணி! அச்சிட்ட தாள்கள் வீணாயின. பிழை நம்முடையதே. படத்தைக் கொண்டே படத்தின் மூலத்தைத் தேடும் வசதி இணையத்தில் உள்ளது. அதற்கு ஒரு நிமிடமும் ஆகாது.

இன்னொரு செய்தியும் இவ்வாறே உலவுகின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆய்வாளர் சிலர் இவ்வோவியங்களை மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்று கருதினர். ஆனால் கோயிற் கல்வெட்டோ, 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் அவனிபசேகரன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் இதனைப் புதுப்பித்தார் என்று கூறுகின்றது. குகை அதற்கும் முற்பட்டதாகலாம். எனினும் கல்லே சான்று தரும்போது, பகிரப்பட்ட வரியை மட்டும் நம்புவது முறையன்று.

இனி உரிமைக்கு வருவோம். ஆயிரம் ஆண்டு கடந்த ஓவியத்திற்குப் பதிப்புரிமை இல்லை. ஆயின் அதனை இன்று ஒருவர் எடுத்த நிழற்படத்திற்கு உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நிழற்படத்திற்கு அதனை எடுத்தவர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும், நூலுக்கு ஆசிரியர் மறைந்த ஆண்டிற்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். திருத்தக்கதேவரின் சிந்தாமணி எவருக்கும் பொது. 1887இல் அதனைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் 1942இல் மறைந்தமையால், அவர் எழுதிய முன்னுரையும் குறிப்புகளும் 2003 முதல் பொதுவாயின. நேற்று ஒருவர் எழுதிய புதிய உரை அவ்வாறன்று. 'இணையத்தில் கிடைத்தது' என்பது அனுமதி ஆகாது. ஆராய்ச்சிக்கும் திறனாய்வுக்கும் நியாயமான அளவில் எடுத்தாளச் சட்டம் இடந்தருகின்றது; விற்பனைக்குரிய நாட்காட்டியில் முழுப் படத்தையும் அச்சிடுதல் அதில் அடங்குமா என்பதை அன்பர்களே எண்ணிப் பார்க்கலாம்.

படத்தின் மூலையிலுள்ள பெயரை வெட்டிவிட்டு அனுப்பும் வழக்கமும் பெருகியுள்ளது. 2012 திருத்தத்தின்படி, உரிமையைக் காட்டும் இத்தகைய குறிப்பை அறிந்தே அனுமதியின்றி நீக்குவோர்க்கு ஈராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நம் நோன்புகளுள் கள்ளாமை என்பது கொடாததைக் கொள்ளாமையே; பெயரும் அவ்வாறு கொள்ளத்தகாத ஒன்று என்பது நம் கருத்து.

புதுப்பித்த இளங்கௌதமரின் பெயரைக் கல் காத்துத் தந்துள்ளது. தாமரைத் தடாகத்தைத் தீட்டியவர் பெயரை நாம் அறியோம். அழைப்பிதழை மீண்டும் அச்சிட்டபோது, அனுமதி பெற்ற படத்தின் கீழ் எடுத்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்தோம்.