'ப்ராமிசிங்' என்று சொன்னால் எவ்வளவு நம்பலாம்?

மருத்துவச் செய்திகளைத் தமிழில் எழுதுபவர்கள் ஓயாமல் எதிர்கொள்ளும் ஆங்கில அடைமொழி 'ப்ராமிசிங்'. நல்ல பலன் வருவதற்கான அறிகுறி தெரிகிறது, பலன் இன்னும் கைக்கு வரவில்லை என்பதுதான் அதன் பொருள். முதல் நாவலோடு வரும் எழுத்தாளரை, ரஞ்சி கிரிக்கெட்டில் கால் பதிக்கும் இளைஞரை அப்படிச் சொல்வார்கள். சர்வதேச ஆட்டங்களில் நூறு சதம் அடித்து ஓய்வுபெற்ற டெண்டுல்கருக்கு அது பொருந்தாது.

செய்தியில் இந்த நுட்பம் எளிதில் தொலைந்துவிடுகிறது. 'தொடக்க முடிவுகள் நம்பிக்கை தருகின்றன' என்று வரவேண்டிய வரி, 'புற்றுநோய்க்கு மருந்து வந்துவிட்டது' என்று தலைப்பாகி நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நோயாளியின் வீட்டார் அந்தத் துண்டைக் கத்தரித்துக்கொண்டு மருத்துவரிடம் ஓடுவார்கள். தலைப்பு ஒரு வரி நீண்டாலும் 'தொடக்க' என்ற சொல்லை வெட்டக்கூடாது.

பீட்டா கரோட்டின் கதையை இதற்காகவே நினைவில் வைத்திருக்கிறேன். காய்கறி, பழம் நிறைய உண்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று பல ஆய்வுகள் காட்டின. அப்படியானால் கேரட்டில் உள்ள அந்தச் சத்தை மாத்திரையாகவே கொடுத்தால் என்ன? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் சோதித்தார்கள். 1994இல் முடிவு வெளியானது. மாத்திரை சாப்பிட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாக இருந்தது.

நம்பிக்கை பலித்ததும் உண்டு. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் 1998இல் முதன்முதலாக மனிதர்களுக்குக் கொடுக்கப்பட்டது; 2001இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

எது எந்த வழியில் போகும் என்பதை அடைமொழி சொல்லாது. சோதனை எலியிலா, மனிதரிலா, எத்தனை பேரிடம் நடந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இருந்ததா என்று தேட வேண்டும். எல்லாவற்றையும்விட, அளந்தது எதை என்று பார்க்க வேண்டும். டார்செட்ராபிப் என்ற மருந்து நல்ல கொழுப்பை நன்றாகவே உயர்த்தியது. ஆனால் சுமார் 15,000 பேரிடம் நடந்த ஆய்வில் அதைச் சாப்பிட்டவர்களிடையே மரணங்கள் அதிகமாகவே, 2006 டிசம்பரில் நிறுத்திவிட்டார்கள். ரத்தப் பரிசோதனை அறிக்கை மேம்படுவது வேறு, ஆயுள் நீள்வது வேறு.

புது மருந்து பற்றிப் படித்தால் மருத்துவரிடம் தாராளமாகக் கேளுங்கள். அதை நம்பி, இப்போது சாப்பிடும் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.